புது எஞ்சினும் கொல்லிமலை ஏற்றமும்

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை கொல்லிமலை. அவனுடைய குதிரைக்கும் ஓரி என்றே பெயர் எனச் சிறுபாணாற்றுப்படை கூறுகிறது. அவனோடு பொருத மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். ஆளுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர் வழங்கும் அளவுக்கு அவர்கள் ஒன்றிப் பழகியிருந்தார்கள் போலும். முரட்டுக் குதிரையைச் சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் பழக்குவதை ஆங்கிலேயர் 'பிரேக்கிங் இன்' என்பார்கள். அச்சொல்லே பிற்காலத்தில் புது எஞ்சினைப் பழக்குவதற்கும் வந்து சேர்ந்தது. 'ரன்னிங் இன்' என்றும் சொல்வதுண்டு. நம் மெக்கானிக்குகள் வாயில் இச்சொல்லே மிகுதியாக அடிபடுகிறது. புது மோட்டார் சைக்கிளின் எஞ்சினைப் பழக்கும் வழக்கம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு மாறியது என்னும் வரலாற்றையே இன்று மாணவ நண்பர்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

இதற்குக் கொல்லிமலை எதற்கு என்று கேட்பீர்கள். நாமக்கல் மாவட்டத்தில் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இந்த எண்ணிக்கையே இன்று மோட்டார் சைக்கிள் இளைஞர்களை இம்மலைக்கு அழைக்கும் அழைப்பாக ஆகிவிட்டது. புது வண்டி வாங்கிய வாரமே, பதிவெண் பலகையில் பூசிய சந்தனம் காய்வதற்கு முன்பே, அதை இங்கே ஏற்றிப் பார்க்க வருகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களாவது விரும்பி வருகிறார்கள். வேண்டாமென்றால் ஒரு மாதம் கழித்து வரலாம். செம்மேட்டிலோ அதற்கப்பாலுள்ள சிற்றூர்களிலோ வாழும் மலைவாசி இளைஞனுக்கு அந்த வசதி இல்லை. மிளகும் காப்பியும் பலாவும் விற்றுச் சேர்த்த பணத்தில் நாமக்கல்லிலோ சேலத்திலோ ஒரு வண்டி வாங்கினால், அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால், முதல் நாளே அவன் மலையேறித்தான் ஆக வேண்டும். வண்டியோடு கொடுக்கும் கைப்புத்தகமோ, "முதல் ஆயிரம் கிலோமீட்டர் எஞ்சினை வருத்தாதீர்" என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிடும். அது சமவெளியை மனத்தில் கொண்டு எழுதிய புத்தகம். அந்த இளைஞன் என்ன செய்வது? இதற்கு விடை காண வேண்டுமானால், அந்த விதி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிய வேண்டும்.

எஞ்சினுக்குள் நடப்பதை விளக்க நான் தொலைவில் தேடிப் போகவில்லை. நம் அடுக்களையிலேயே அதற்கு உவமை இருக்கிறது. புதிதாகக் கொத்திய அம்மியில் எடுத்த எடுப்பில் யாரும் மிளகாய் அரைப்பதில்லை. தவிட்டையோ அரிசியையோ இட்டு இரண்டு மூன்று முறை அரைத்து, அதைக் கொட்டிவிடுவார்கள். உளி பட்ட இடங்களில் தூக்கி நிற்கும் கூர்முனைகள் உதிர்ந்து, கல்லும் குழவியும் ஒன்றுக்கொன்று பொருந்தும். உதிர்ந்த மணல் தவிட்டோடு போய்விடும். ஆனால் உளி போட்ட குழிகள் மறைந்துவிடக் கூடாது. அவை மறைந்து அம்மி வழவழவென்று ஆகிவிட்டால் மசாலா வழுக்கும், அரைபடாது. மீண்டும் அம்மி கொத்துபவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

எஞ்சினின் சிலிண்டரும் இத்தகையதே. அதன் உட்சுவரைக் கண்ணாடிபோல் வழுவழுப்பாக்குவதில்லை. குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே இடுகிறார்கள். இதற்கு ஹோனிங் என்று பெயர். அக்கீறல்களின் பள்ளங்களில் எண்ணெய் தங்குகிறது. மேடுகளின் மீது பிஸ்டன் வளையங்கள் உராய்ந்து, முனைகளை மழுக்கி, சுவரோடு இழைந்து பொருந்துகின்றன. இந்தப் பொருத்தம் அமைந்த பிறகே எரிந்த வாயு கீழே கசியாது, எண்ணெய் மேலே ஏறாது. அது அமைவதற்கு முன் சுவர் மெருகேறி வழவழத்துவிட்டால் வளையம் பொருந்தவே பொருந்தாது. எஞ்சின் எண்ணெயைக் குடிக்கும், புகையும், வலு குன்றும். அப்போது சிலிண்டரைக் கழற்றி மீண்டும் கீற வேண்டும்; அம்மி கொத்துவதே போலத்தான்.

ஆகவே எஞ்சினைப் பழக்குதல் என்பது, தொழிற்சாலையில் முடியாமல் விட்ட கடைசி வேலையை வண்டி வாங்கியவரே சாலையில் செய்து முடிப்பது என்று நான் கருதுகிறேன். அந்த வேலையில் தொழிற்சாலையின் பங்கு எவ்வளவு, நம்முடைய பங்கு எவ்வளவு என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

நீராவி எஞ்சின் காலத்துக்குச் சற்றுப் போய்வருவோம். ஜேம்ஸ் வாட் தம் எஞ்சினுக்கு 1769-ஆம் ஆண்டே உரிமம் பெற்றுவிட்டார். ஆனால் அதைச் செம்மையாக இயக்க முடியாமல் பல ஆண்டுகள் தவித்தார். உருண்டையான சிலிண்டரைச் செய்து கொடுப்பார் இல்லை என்பதே பெரிய இடையூறு. பீரங்கிக் குழல்களைக் குடைவதற்கு 1774-ஆம் ஆண்டில் புது முறை கண்ட ஜான் வில்கின்சன் என்பவரே அக்குறையைத் தீர்த்தார். அவர் குடைந்த 50 அங்குலச் சிலிண்டரில் எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமனுக்கு மேல் பிழை இல்லை என்று வாட்டின் கூட்டாளி போல்ட்டன் வியந்து எழுதினார். இன்று மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைக் கணக்கிடும் நமக்கு அது பெரும் பிழை. அன்று அதுவே அற்புதம். எஞ்சிய இடைவெளியைச் சணலைத் திணித்து அடைத்தார்கள். 1850-களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ரெயில்வே எஞ்சினியர், ஓரிடத்தில் வெட்டுவிட்ட உலோக வளையத்தைப் பிஸ்டனில் பொருத்திக் காட்டினார். தன் சுருள்விசையாலேயே விரிந்து சுவரைத் தழுவும் அந்த வளையமே இன்று நம் மோட்டார் சைக்கிளிலும் இருப்பது. சணல் போய் உலோகம் வந்ததும், உலோகத்தோடு உலோகத்தை இழைத்துப் பொருத்தும் வேலையும் கூடவே வந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்திய இராணுவத்துக்கும் போலீசுக்கும் வேண்டிய வண்டிகளுக்காக, இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் முதலில் உறுப்புகளைத் தருவித்துப் பூட்டினார்கள். சில ஆண்டுகளில் அச்சுகளும் கருவிகளும் இங்கேயே வந்துவிட்டன. அதே வடசென்னையில், செம்பியத்தில், இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம் 1949-ஆம் ஆண்டே தோன்றியிருந்தது. பிஸ்டனும் வளையமும் வார்க்கும் கலை இவ்வாறு நம் கைக்கு வந்தது.

அந்த புல்லட் வண்டியின் எஞ்சின் 346 கன சென்டிமீட்டர். சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 90 மில்லிமீட்டர். சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியக் கலவை. பௌதிகம் படிக்கும் மாணவர்களுக்கு இதிலுள்ள சிக்கல் உடனே புலனாகும். வெப்பத்தால் அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிகிறது. வெப்பநிலை 100 பாகை உயர்ந்தால் 70 மில்லிமீட்டர் இரும்பு சுமார் 0.08 மில்லிமீட்டரும், அதே அளவுள்ள அலுமினியம் சுமார் 0.15 மில்லிமீட்டரும் பெருகும். பிஸ்டனோ நெருப்பின் வாயிலேயே இருப்பது. சிலிண்டரோ காற்றில் குளிர்வது. புதிதாக இருக்கும்போது இரண்டுக்கும் இடைவெளி குறைவு. அந்நிலையில் ஆர்வக் கோளாறால் முறுக்கி ஓட்டினால், பிஸ்டன் பருத்துச் சிலிண்டரை இறுகப் பற்றிக்கொள்ளும். பின்சக்கரம் சட்டென்று நின்று, வண்டி இழுத்துக்கொண்டு போகும். இதைத்தான் 'எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது' என்கிறார்கள். அந்தக் காலத்தில் ரன்னிங் இன் விதிகள் அத்தனை கடுமையாக இருந்ததற்கு, வளையம் பொருந்துவதைவிட இந்தப் பயமே பெரிய காரணம்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1950-களில் அங்கே புதுக் காரின் பின்கண்ணாடியில், "ரன்னிங் இன், தயவுசெய்து முந்திச் செல்லுங்கள்" என்று ஓர் அட்டையை ஒட்டிக்கொண்டு மெல்ல ஊர்ந்து போவார்கள். எண்ணெயில் நுண்ணிய காரீயகத் தூளைக் கலந்து ஊற்றும் வழக்கமும் இருந்தது. தொழிற்சாலைகளின் துல்லியம் வளர வளர அந்த அட்டை அங்கே அருகிப்போயிற்று. ரெட்டிச் தொழிற்சாலையே 1967-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 1970-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி அடியோடு நின்றது. ஆனால் திருவொற்றியூரில் அதே வார்ப்பிரும்புச் சிலிண்டர் எஞ்சின் 2010-ஆம் ஆண்டளவு வரை தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது! தாய்வீட்டில் மறைந்துபோன ஒரு தொழில்நுட்பம் பிள்ளை வீட்டில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தது என்றால், அதைச் சார்ந்த பழக்கவழக்கங்களும் வாழத்தானே செய்யும்? முதல் மாதம் நாற்பதுக்கு மேல் போகாதே, பின்னால் ஆளை ஏற்றாதே, அரை மணிக்கொரு தரம் நிறுத்தி ஆறவிடு என்று தந்தை மகனுக்குச் சொல்லும் உபதேசங்கள் நம் மாநிலத்தில் இத்தனை உறுதியாக வேரூன்றியதற்கு இதுவே காரணம் என்பது என் துணிபு.

இதற்கிடையில் எஞ்சின்கள் மாறிவிட்டன. 1967-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நிக்கசில் என்னும் மேற்பூச்சு கண்டறியப்பட்டது. நிக்கலில் சிலிக்கன் கார்பைடு துகள்களைப் பதித்துச் செய்யும் அப்பூச்சினால் சிலிண்டரையும் அலுமினியத்திலேயே செய்வது எளிதாயிற்று. பிஸ்டனும் சிலிண்டரும் ஒரே இனமாகிவிட்டபடியால், ஒன்று பருத்து மற்றொன்றைப் பற்றும் பயம் பெரிதும் குறைந்தது. கீறலிலும் முன்னேற்றம் உண்டாயிற்று. கீறிய பிறகு மேட்டு முனைகளைத் தொழிற்சாலையிலேயே சீவிவிட்டுப் பள்ளங்களை மட்டும் விட்டுவைக்கிறார்கள். தவிடு அரைக்கும் வேலையில் பெரும் பகுதியைக் கல்தச்சரே முடித்து அனுப்புவது போல.

ஓசூரில் டிவிஎஸ் நிறுவனம் 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட அப்பாச்சி ஆர்ஆர் 310 என்னும் பந்தய பாணி வண்டியைப் பழைய புல்லட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதன் எஞ்சின் 312 கன சென்டிமீட்டர். குறுக்களவு 80 மில்லிமீட்டர், ஓட்டம் 62.1 மில்லிமீட்டர். புல்லட் நிமிடத்துக்கு 5,600 சுற்றுகளுக்குச் சற்று மேல் சுழன்று 18 குதிரைத்திறன் தந்தது. இது 9,700 சுற்றில் 34 குதிரைத்திறன் தந்தது. புல்லட்டைக் காற்று குளிர்விக்க, இதை நீர் குளிர்விக்கிறது. இரண்டும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்களே. ஒரே மாநிலத்தில் பிறந்தவையே. என்றாலும் ஒன்றுக்கு எழுதிய விதியை மற்றொன்றுக்கு அப்படியே ஓதுவது பொருந்தாது.

இங்கேதான் இன்றைய வழக்கு எழுகிறது. மெல்ல ஓட்டுக என்பது ஒரு கட்சி. தொடக்கத்திலேயே ஓரளவு வலுவாக ஓட்டுக என்பது மற்றொரு கட்சி. இரண்டாம் கட்சியார் சொல்வதை வெறும் துடுக்கு என்று நான் தள்ளிவிட மாட்டேன். வளையம் சுவரை அழுத்துவது தன் சுருள்விசையால் மட்டும் அன்று. எரியும் வாயு வளையத்தின் பின்புறம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. எஞ்சினுக்கு வேலையே கொடுக்காமல் தாலாட்டினால் அந்த அழுத்தம் கிடைக்காது. வளையம் பொருந்துமுன் சுவர் மெருகேறிவிடக் கூடும். அந்த அளவில் அவர்கள் சொல்வது மெய். ஆனால் அதிலிருந்து, ஷோரூம் வாசலிலிருந்தே ஒன்பதாயிரம் சுற்றுக்கு முறுக்கலாம் என்று முடிவு கட்டுவது அறியாமை. எஞ்சினில் பொருந்த வேண்டியவை வளையங்கள் மட்டுமல்ல. கியர்ப் பற்களும் வால்வுகளும் தாங்கிகளும் உண்டு. அவற்றுக்கு வாயுவின் உதவி கிடையாது. பளு இருக்க வேண்டும், ஆனால் ஏறி இறங்க வேண்டும். எஞ்சின் நன்கு சூடேறிய பிறகே பளு கொடுக்க வேண்டும். ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டக் கூடாது. இரு கட்சியாரும் உண்மையில் மறுக்காத பகுதி இது.

இதைக் கொண்டு மலைவாசி இளைஞனின் வினாவைப் பார்ப்போம். பாதையின் இயல்பு ஒரு வகையில் அவனுக்குச் சாதகமே. எழுபது வளைவுகள் உள்ள பாதையில் ஒரே வேகத்தில் ஓட்ட முடியாது. ஒவ்வொரு வளைவிலும் வேகம் தணிந்து, மீண்டும் ஏறும். நாற்கரச் சாலையில் சேலத்திலிருந்து சென்னை வரை ஒரே சுருதியில் ஓட்டுவதைவிட இது எஞ்சினுக்கு நல்லது. தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 250 கிலோகிராம் என்றும், ஏறும் உயரம் 1000 மீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உயர்த்துவதற்கு மட்டும் 24½ இலட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். பெட்ரோலின் ஆற்றலில் கால்பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், அதைப் போல மூன்று மடங்கு, அதாவது 73 இலட்சம் ஜூலுக்கு மேல், வெப்பமாகப் புகைக்குழாய் வழியாகவும் சிலிண்டர் வழியாகவும் வெளியேற வேண்டும். சமவெளியில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் எதிர்க்காற்று, மணிக்கு 20 கிலோமீட்டரில் வளைவேறும்போது கிடைப்பதில்லை.

ஆதலால் மலையில் செய்யத்தகாதது எது என்றால், பெரிய கியரில் வைத்துக்கொண்டு எஞ்சினைத் திணறத் திணற ஏற்றுவதே. சுற்று குறைவாக இருப்பதால் எஞ்சின் இளைப்பாறுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. சுற்று குறைந்து பளு மிகும்போது எண்ணெய்ப் படலம் மெலிகிறது, வெப்பம் கூடுகிறது, பிஸ்டன் சுவரில் மோதுகிறது. கியரைக் குறைத்து, எஞ்சினை நடுத்தரச் சுற்றில் தடையின்றிச் சுழலவிட்டு ஏறுவதே முறை. முதல் ஏற்றத்தில் பின்னிருக்கையில் ஆளும் மூட்டையும் வேண்டாம். பாதி மலையில் நிழல் கண்ட இடத்தில் நிறுத்தி ஆறவிடுவது பழைய புல்லட் காலத்து உபதேசமாயினும், காற்றால் குளிரும் எஞ்சினுக்கு இன்றும் நல்ல உபதேசம்.

இறக்கம் வேறு பாடம். நாற்புடை எஞ்சினில் கியரைப் பூட்டியபடியே முறுக்கியை மூடி இறங்கினால், பிஸ்டனுக்கு மேல் உண்டாகும் வெற்றிடம் சிறிது எண்ணெயை மேலே இழுத்து வளையங்களைக் கழுவுகிறது. வண்டியின் வேகமும் கட்டுப்படுகிறது. நாமக்கல் லாரிப் பட்டறை மெக்கானிக் ஒருவர், ரீபோர் செய்த எஞ்சினுக்கு ஏற்றம் பாதி மருந்து, இறக்கம் பாதி மருந்து என்று என்னிடம் சொன்னார். அவர் படித்த படிப்பு எதுவாயினும் கூற்று சரியானது. ஆனால் மைசூரில் செய்யப்பட்ட ஐடியல் ஜாவா போன்ற பழைய ஈரடி எஞ்சின்களுக்கு இது நேர்மாறு. அவற்றில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போக வேண்டும். முறுக்கியை மூடினால் பெட்ரோல் நிற்கும், எண்ணெயும் நிற்கும். எஞ்சினோ சரிவின் வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். நீண்ட இறக்கத்தில் அவ்வகை வண்டிகள் சீஸ் ஆனதற்கு இதுவே காரணம். அதனால் அவ்வண்டிக்காரர்கள் இறங்கும்போது இடையிடையே முறுக்கியைச் சற்றுத் திறந்து ஒரு மிடறு கலவையைக் கொடுப்பார்கள்.

எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில், உயிரோடு சம்பந்தப்பட்ட ஒன்றை விட்டுவிடக் கூடாது. புது டயரின் மேற்பரப்பு அச்சிலிருந்து வந்த வழவழப்போடு இருக்கும். சாலையில் சற்றுத் தேய்ந்த பிறகே அதற்கு முழுப் பிடிப்பு வரும். புதுப் பிரேக்குக் கட்டைகளும் தட்டோடு இழைந்து பொருந்தச் சில நூறு கிலோமீட்டர் வேண்டும். எஞ்சின் கெட்டால் பட்டறையில் சீராக்கலாம். கொல்லிமலை வளைவில், மழை நனைத்த சாலையில், பழகாத டயரைச் சாய்த்துப் பார்ப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பொழுதுபோக்குக்காக வருகிறவர்கள் முதல் சர்வீஸ் முடிந்த பிறகு வருவதே தக்கது என்று நான் சொல்வது எஞ்சினைவிட இதைக் கருதியே.

அந்த முதல் சர்வீஸின்போது மெக்கானிக் எண்ணெயை வடிக்கையில் பக்கத்தில் நின்று பாருங்கள். வடித்த எண்ணெயைத் தட்டிலிட்டு வெயிலில் சாய்த்தால் வெள்ளி மினுக்குப் போல் பொடித் துகள்கள் மின்னும். சிலிண்டர் மேடுகளும் கியர்ப் பற்களும் உதிர்த்த முனைகள் அவை. தொடர்ந்து உள்ளே சுற்றவிட்டால் புதிதாகப் பொருந்திய பரப்புகளையே மீண்டும் கீறும். பழைய புல்லட்டின் எண்ணெயில் அவை கண்ணுக்கு நன்றாகவே தெரியும். இன்றைய வண்டிகளில் வெயிலில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.